ஷார்ட்கட் பழகப்போய் நான் இழந்த பணமும் ஆறு வார உழைப்பும்

பங்கு விலைச் சார்ட்டில் கோடு போட ஷார்ட்கட் விசைகளைப் பழகத் தொடங்கிய எட்டு மாதத்துக்குள் டிரேடிங் கணக்கில் வைத்திருந்த பணத்தில் 11 விழுக்காட்டை இழந்தேன். ஆறு வாரம் உட்கார்ந்து வரைந்த லெவல்கள், அதாவது முக்கியமான விலைகளைக் குறிக்கும் கோடுகள், அத்தனையும் அழிந்தன. ஷார்ட்கட் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்றும் நான் விசைகளை வைத்துத்தான் வரைகிறேன், இனியும் அப்படித்தான். ஆனால் பழகும்போது எங்கெங்கே வழுக்கும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. தேடிய இடத்தில் எல்லாம் எந்த விசைக்கு என்ன வேலை என்ற பட்டியல்தான் கிடைத்தது. அதே விசை தவறான நேரத்தில் அழுந்தினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போது பழகத் தொடங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

அப்போது சுமார் நாற்பது பங்குகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். தினமும் சந்தை முடிந்த பிறகு ஒவ்வொரு சார்ட்டாகத் திறந்து சப்போர்ட் (விலை இறங்காமல் தாங்கும் இடம்), ரெசிஸ்டன்ஸ் (ஏறாமல் தடுக்கும் இடம்), டிரெண்ட்லைன் (விலை போகும் திசையைக் காட்டும் சாய்கோடு) எல்லாவற்றையும் சரிபார்ப்பேன். எல்லாம் மவுஸில்தான். திரையின் ஓரத்தில் இருக்கும் கருவிப்பட்டைக்குப் போய் டிரெண்ட்லைனைத் தேர்ந்தெடுத்து, திரும்ப கேண்டிலுக்கு (ஒரு கால அளவின் விலை நகர்வைக் காட்டும் சிறு கட்டை) வந்து ஒரு கிளிக், இன்னொரு கிளிக். அடுத்த கோட்டுக்கு மறுபடியும் ஓரத்துக்கு. நாற்பது சார்ட் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நேரம் போனதைவிட எனக்கு வேறொன்றுதான் உறுத்தியது. ஓரத்துக்குப் போய் வருவதற்குள் எந்த கேண்டிலின் உச்சியைக் குறித்திருந்தேன் என்பது கண்ணுக்குத் தப்பிவிடும். பக்கத்து கேண்டிலில் புள்ளியை வைத்துவிட்டு, ஏன் கோடு சரியாக உட்காரவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

ஷார்ட்கட்டின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது. கண் கேண்டிலை விட்டு அகலாது. டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தில் டிரெண்ட்லைனுக்கு ஆல்ட்டுடன் டி, அதாவது டிரெண்ட் என்ற சொல்லின் முதலெழுத்து. அதை அழுத்தினால் கருவி கைக்கு வந்துவிடும், இருந்த இடத்திலேயே முதல் புள்ளியை வைக்கலாம். ஆல்ட்டுடன் ஹெச் அழுத்தினால் கர்சர் நிற்கும் விலையிலேயே படுக்கைக் கோடு விழும், ஆல்ட்டுடன் வி அழுத்தினால் செங்குத்துக் கோடு. ஆல்ட்டுடன் ஜே, குறித்த இடத்திலிருந்து வலப்பக்கம் மட்டும் ஓடும் படுக்கைக் கோட்டுக்கு. விலை எவ்வளவு திரும்பி வந்தது என்று அளக்கும் ஃபிபனாச்சி ரிட்ரேஸ்மென்ட்டுக்கு ஆல்ட்டுடன் எஃப். கால அளவை மாற்ற 15 என்று தட்டி என்டர் அழுத்தினால் பதினைந்து நிமிடச் சார்ட் வந்துவிடும். இவற்றைப் பார்த்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இதே போன்ற பட்டியலை நான் பயன்படுத்திய மென்பொருளுக்கும் தேடி எடுத்தேன். முப்பதுக்கு மேற்பட்ட விசைகள். அச்சடித்துத் திரைக்குக் கீழே ஒட்டிவைத்து, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பழகிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இதுதான் முதல் தவறு. முப்பது விசைகளை ஒரே வாரத்தில் பழகும்போது விரலுக்கு அவை அரைகுறையாகத்தான் ஏறும். சரியான விசை என்று நினைத்து விரல் பக்கத்து விசையில் விழும். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் நட்டமில்லை. ஆனால் சார்ட் மென்பொருளில் அனேகமாக எல்லா விசைக்கும் ஏதாவது வேலை இருக்கிறது, அந்த வேலைகளில் சில சத்தமில்லாமல் நடந்துவிடுகின்றன.

எனக்கு அப்படி நடந்தது ஸ்கேலில். வலப்பக்கம் மட்டும் ஓடும் கதிர்க்கோடு போட நினைத்தபோது விரல் தள்ளிப்போய், விலை அச்சு சாதாரண ஸ்கேலிலிருந்து லாக் ஸ்கேலுக்கு மாறிவிட்டது. வாராந்திரச் சார்ட், பல ஆண்டு ஏறிவந்த பங்கு. மாறியது எனக்குத் தெரியவில்லை. கேண்டில்கள் கொஞ்சம் வேறு மாதிரி தெரிந்ததை ஜூம் என்று எடுத்துக்கொண்டேன். என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: பல மாதம் தாங்கி நின்ற டிரெண்ட்லைனுக்குக் கீழே விலை இருந்தது. சப்போர்ட் உடைந்துவிட்டது என்று பதறி, கையில் இருந்த பங்குகளை அடுத்த நாள் காலையிலேயே விற்றேன். விலை அப்படியே ஏறிப் போனது. மூன்று வாரம் கழித்து அதே பங்கை 9 விழுக்காடு கூடுதல் விலையில் திரும்ப வாங்கினேன். அதற்கும் சில நாள் கழித்து, வேறொரு சார்ட்டைப் பார்க்கும்போதுதான் விலை அச்சில் இருந்த எண்களின் இடைவெளி ஒரே மாதிரி இல்லை என்பதைக் கவனித்தேன். வயிற்றைப் பிசைந்தது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், பலருக்கு இது பிடிபடுவதில்லை. சாதாரண ஸ்கேலில் சம உயரம் என்றால் சம விலை வித்தியாசம். லாக் ஸ்கேலில் சம உயரம் என்றால் சம விழுக்காடு. ஒரு பங்கு 100இல் இருந்து இரண்டு ஆண்டில் 200க்கு வந்தது என்று வையுங்கள். அந்த இரண்டு புள்ளிகளையும் இணைத்து, கோட்டை இன்னும் இரண்டு ஆண்டு நீட்டினால் சாதாரண ஸ்கேலில் அது 300ஐத் தொடும். லாக் ஸ்கேலில் அதே கோடு 400ஐத் தொடும், ஏனென்றால் அங்கே அது இரட்டிப்பைத்தான் அளக்கிறது. இப்போது விலை 350 என்றால், ஒரு ஸ்கேலில் கோட்டுக்கு மேலே, இன்னொன்றில் கோட்டுக்குக் கீழே. எந்த ஸ்கேல் சரி என்பது வேறு பேச்சு. நீண்ட காலச் சார்ட்டுக்கு லாக் பொருத்தம் என்பது என் எண்ணம். ஆனால் ஒன்றில் வரைந்த கோட்டை இன்னொன்றில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. டிரேடிங்வியூவில் ஆல்ட்டுடன் எல் லாக் ஸ்கேலுக்கு, ஆல்ட்டுடன் ஐ சார்ட்டையே தலைகீழாக்குவதற்கு. இவை இரண்டும் கோடு போடும் விசைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால் இப்போதெல்லாம் ஒரு கோடு உடைந்தது போலத் தெரிந்தால், முதலில் விலை அச்சைப் பார்க்கிறேன். எண்களின் இடைவெளி சமமா, எந்த ஸ்கேலில் நிற்கிறேன் என்று உறுதிசெய்த பிறகுதான் அடுத்த யோசனை.

இரண்டாவது அடி கோடுகளே காணாமல் போனது. ஒருநாள் மாலை மென்பொருளைத் திறந்தால் எந்தச் சார்ட்டிலும் ஒரு கோடும் இல்லை. நாற்பது சார்ட்டும் வெறுமை. சர்வரில் ஏதோ கோளாறு, எல்லாம் அழிந்துவிட்டது என்றே நம்பினேன். ஒரு வார இறுதி முழுவதும் உட்கார்ந்து, நினைவில் இருந்ததை வைத்துப் பாதிக்கு மேல் மறுபடி வரைந்தேன். வரைந்தது எதுவும் தெரியாமல் போகவில்லை, ஏனென்றால் அந்த மென்பொருள் மறைத்த பிறகு போடும் புதிய கோடுகளைக் காட்டியது. மூன்றாம் நாள் எதையோ அழுத்தியபோது பழைய கோடுகள் எல்லாம் திரும்ப வந்து, புதியவற்றின் மேல் விழுந்தன. எதுவும் அழியவே இல்லை. எல்லாக் கோடுகளையும் மறைக்கும் விசையை, அவை காணாமல் போனதற்கு முந்தைய நாள் தெரியாமல் அழுத்தியிருக்கிறேன். டிரேடிங்வியூவில் இதற்குக் கண்ட்ரோல், ஆல்ட், ஹெச் மூன்றும் சேர வேண்டும். படுக்கைக் கோட்டுக்கான ஆல்ட் ஹெச்சோடு கண்ட்ரோலும் சேர்ந்து அழுந்தினால் போதும்.

அதற்குப் பிறகு செய்ததுதான் பெரிய தவறு. ஒவ்வொரு சார்ட்டிலும் இரட்டைக் கோடுகள். எது பழையது எது புதியது என்று பிரிக்கப் பொறுமை இல்லை. மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கினேன். இரவு பதினொன்று தாண்டியிருக்கும், தூக்கக் கலக்கம் வேறு. புதியவற்றை நீக்குவதாக நினைத்து இரண்டையும் நீக்கினேன். ஒரு சார்ட்டை முடித்து அடுத்ததற்குப் போகும்போது அது தானாகச் சேமித்துக்கொண்டது. காலையில் பார்த்தபோது அன்டூ செய்ய எதுவும் மிச்சமில்லை. முந்தைய ஆறு வாரத்தில் பழைய விலைகளைத் தேடித் தேடிக் குறித்த லெவல்கள், பக்கத்தில் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் போய்விட்டன. பணம் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வெறுமையாக இருந்ததில்லை. அந்தக் குறிப்புகளில் நான் எப்படி யோசித்தேன் என்பதற்கான சான்று இருந்தது.

இதிலிருந்து எனக்கு அமைந்த பழக்கங்களைச் சொல்கிறேன். கோடுகள் காணவில்லை என்றால் உடனே மறுபடி வரைய உட்காராதீர்கள். மறைக்கும் விசையை ஒருமுறை அழுத்திப் பாருங்கள், கருவிப்பட்டையில் கண் வடிவச் சின்னம் இருந்தால் அதையும் பாருங்கள், வேறு லேஅவுட்டில் (சேமித்துவைத்த சார்ட் அமைப்பு) நிற்கிறோமா என்றும் பாருங்கள். சில கோடுகள் குறிப்பிட்ட கால அளவில் மட்டும் தெரியும்படி அமைக்கப்பட்டிருக்கும். நாள் சார்ட்டில் போட்டது ஐந்து நிமிடச் சார்ட்டில் தெரியாததற்கு அதுவும் காரணமாகலாம். எதையும் மொத்தமாக நீக்குவதற்கு முன் லேஅவுட்டுக்கு ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் சேமியுங்கள், அரை நிமிட வேலைதான். நீக்கிய அடுத்த நொடியே, வேறு சார்ட்டுக்குப் போவதற்கு முன்பே, சரியானதைத்தான் நீக்கினோமா என்று பார்த்துவிடுங்கள். கண்ட்ரோல் இசட் கைகொடுக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் கடைசியாக வரைந்தது நீங்கிவிடும், தேர்ந்தெடுக்கவே வேண்டாம். எழுத்துப் பிழையைத் திருத்தப் பழகிய விரல் அதை யோசிக்காமல் தட்டும். அதே மென்பொருளில் கண்ட்ரோலுடன் பி (B) அழுத்தினால் சார்ட்டில் உள்ள எல்லா வரைபொருள்களின் பட்டியலும் வரும். அங்கே பெயர் பார்த்து நீக்குவது பாதுகாப்பானது. அதனால் முக்கியமான கோடுகளுக்கு மட்டுமாவது நான் பெயர் வைக்கிறேன்.

இதற்கெல்லாம் பிறகும் என் வேகம் குறையவில்லை. எட்டாவது மாதம், கட்டணம் குறைவு என்பதற்காக வேறொரு மென்பொருளுக்கு மாறினேன். அதில் சார்ட்டிலிருந்தே ஆர்டரும் போடலாம். நிறுவிய அன்று ஒரு பெட்டி வந்து, ஒரே கிளிக்கில் ஆர்டர் போகும் வசதிக்குச் சம்மதமா என்று கேட்டது. படிக்காமலே சம்மதம் கொடுத்தேன். ஒருநாள் மாலை, இறங்கிக்கொண்டிருந்த ஒரு சார்ட்டில் டிரெண்ட்லைன் போட நினைத்துப் பழைய மென்பொருளின் விசையை அழுத்தினேன். புதியதில் அந்த விசை, சார்ட்டின் இடது மேல் மூலையில் வாங்க, விற்க என்று இரண்டு பொத்தான்கள் உள்ள சிறிய பட்டையைத் திறப்பதற்கானது. இறங்கும் சார்ட்டில் டிரெண்ட்லைனின் முதல் புள்ளி எங்கே இருக்கும்? இடது மேல் மூலையில்தான். கர்சரை அங்கே கொண்டுபோய்க் கிளிக் செய்தேன். கோடு வரவில்லை. விசை சரியாக அழுந்தவில்லை போல என்று மறுபடி அழுத்தினேன், பட்டை மறைந்தது. சரி, இங்கே இது வேலை செய்யாது என்று மவுஸால் கருவியை எடுத்துக் கோட்டைப் போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். ஆர்டர் ஆனதற்கு ஒலி வந்திருக்க வேண்டும், என் ஸ்பீக்கர் அணைத்திருந்தது.

மறுநாள் காலை கணக்கைத் திறந்தால் நான் எடுக்காத ஒரு விற்பனை பொசிஷன், அதாவது விலை ஏறினால் நட்டம் தரும் திறந்த டிரேட், நிற்கிறது. அளவு அந்த மென்பொருளில் முன்னிருப்பாக இருந்தது, நான் வழக்கமாக எடுப்பதைப்போல் ஐந்து மடங்கு. நட்டத்தை ஓர் அளவில் நிறுத்தும் ஸ்டாப் லாஸ் கிடையாது. நட்டம் அப்போது கணக்கில் 4 விழுக்காடு. அந்த நொடியே மூடியிருக்க வேண்டும். அது நான் யோசித்து எடுத்த டிரேடே இல்லை, அதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் மனம் காரணம் தேடியது. சார்ட்டும் இறங்கத்தானே செய்கிறது, எப்படியும் திரும்பி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று நாள் வைத்திருந்து 11 விழுக்காடு நட்டத்தில் மூடினேன். என் கணக்கில் அது நான்கு மாதச் சேமிப்பு. ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள், கோடு போடப்போய் நடந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வாரம் சார்ட்டையே திறக்கவில்லை.

எனவே இதை அழுத்திச் சொல்கிறேன்: வரைகிற இடத்தையும் ஆர்டர் போடுகிற இடத்தையும் பிரித்துவிடுங்கள். ஆர்டர் வசதி இல்லாத ஒன்றில், அல்லது கணக்கை இணைக்காத சாளரத்தில் வரையுங்கள். அதற்கு வழியில்லை என்றால் ஒரே கிளிக் வசதியை அணைத்து, ஒவ்வொரு ஆர்டருக்கும் உறுதிப்படுத்தும் பெட்டி வரும்படி வையுங்கள். முன்னிருப்பு அளவைக் கிடைக்கும் மிகச் சிறிய அளவுக்கு மாற்றுங்கள், ஒலியை அணைக்காதீர்கள், மாலை வேலை முடித்து எழும்போது திறந்திருக்கும் பொசிஷன் பட்டியலை ஒருமுறை பாருங்கள். தெரியாமல் திறந்த பொசிஷனைக் கண்டால் லாபமோ நட்டமோ அப்போதே மூடுங்கள்.

மென்பொருள் மாறினால் விசையின் பொருளும் மாறும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் நிறைய. கண்ட்ரோல் ஒய் டிரேடிங்வியூவில் அன்டூ செய்ததை மறுபடி செய்வதற்கு, மெட்டாடிரேடரில் கால இடைவெளிகளைப் பிரிக்கும் கோடுகளைக் காட்டுவதற்கு. மெட்டாடிரேடரில் எஃப்9 புதிய ஆர்டர் சாளரத்தைத் திறக்கும், எஃப்8 சார்ட்டின் அமைப்புகளைத் திறக்கும். பக்கத்துப் பக்கத்து விசைகள். புதிய மென்பொருளுக்குப் போனால் டெமோ கணக்கில், வெற்றுச் சார்ட்டில், உங்கள் பழைய விசைகள் ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே அழுத்தி அங்கே என்ன ஆகிறது என்று எழுதிவையுங்கள். புதியதன் விசைகளைப் படிப்பதைவிட, உங்கள் பழைய விரல் பழக்கம் அங்கே என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதுதான் முதலில் தேவை.

சார்ட்டுக்கு வெளியே இருந்து வருகிற தொல்லைகளும் உண்டு. பிரவுசரில் வரைந்தால், பங்கைக் கவனிப்புப் பட்டியலில் சேர்க்க டிரேடிங்வியூவில் ஆல்ட்டுடன் டபிள்யூ, ஆனால் கண்ட்ரோலுடன் டபிள்யூ பிரவுசர் டேபையே மூடிவிடும். மூடிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி சேர்த்து அழுத்தினால் டேப் திரும்ப வரும், இதற்கும் டேப் என்ற சொல்லின் முதலெழுத்துதான். நம்மைப் போலத் தமிழிலும் தட்டச்சு செய்கிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். சார்ட்டில் தமிழில் குறிப்பு எழுதிவிட்டு, உள்ளீட்டை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால் எழுத்து விசைகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது. சில தமிழ்த் தட்டச்சு மென்பொருள்கள் ஆல்ட்டுடன் எண் விசையைச் சேர்த்து மொழி மாற்றுகின்றன. மெட்டாடிரேடரில் ஆல்ட்டுடன் 1, 2, 3 என்பவை பார், கேண்டில், கோடு என்று சார்ட்டின் வடிவத்தை மாற்றுபவை. இரண்டும் மோதும். நான் தட்டச்சு மென்பொருளின் விசையை வேறாக மாற்றிக்கொண்டேன்.

திரும்பத் தொடங்கியபோது முதல் மாதம் ஐந்து விசைகள் மட்டும் என்று வைத்துக்கொண்டேன்: டிரெண்ட்லைன், படுக்கைக் கோடு, கால அளவு மாற்றுவது, அன்டூ, எஸ்கேப். எஸ்கேப்பை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு கோட்டை முடித்ததும் அதை ஒருமுறை அழுத்தினால் கையில் எந்தக் கருவியும் மிச்சமிருக்காது, அடுத்த கிளிக் தவறாக எங்கும் விழாது. அப்புறம் மாதத்துக்கு இரண்டு விசை என்று சேர்த்தேன். டிரேடிங்வியூவில் கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு ஒரு கோட்டை இழுத்தால் அதற்கு நகல் கிடைக்கும், இணைகோடுகள் போட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. வரையும்போது கண்ட்ரோலைப் பிடித்தால் மேக்னெட் மாறும், புள்ளி கேண்டிலின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு இவற்றில் ஒன்றில் போய் ஒட்டும். முடிவு விலையில் வைக்க நினைத்தது உச்சியில் ஒட்டிவிடுவதும் உண்டு, அதனால் ஒட்டிய இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு டிரெண்ட்லைன் போட்டால் கோடு 45 பாகையின் மடங்குகளில் நிற்கும். படுக்கையாகப் போட மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். 45 பாகைக் கோட்டுக்குத் தனிப் பொருள் இருப்பதாக நினைக்க வேண்டாம், சார்ட்டைக் கொஞ்சம் நீட்டினாலே அந்தக் கோணம் மாறிவிடும்.

இப்போது எனக்குப் பதினொரு விசைகள் யோசிக்காமல் வருகின்றன. நாற்பது சார்ட்டுக்கு ஐம்பது நிமிடம் ஆகிறது. அழிந்த லெவல்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப வரைந்துவிட்டேன், குறிப்புகளை மட்டும் மீட்க முடியவில்லை. திரைக்குக் கீழே ஒட்டியிருந்த பழைய பட்டியலைக் கிழித்துவிட்டு, அங்கே இப்போது நான் தொடக் கூடாத நான்கு விசைகளை மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.